ஒரே ஃபிரேமில் இரண்டு பேர்

கல்லூரியில் டில்லிபாபுவை ‘டைரக்டர்’ என்று கூப்பிடுவார்கள். சினிமாக்காரர்கள் ‘புரொபசர்’ என்பார்கள். இரண்டு இடத்திலும் அது மரியாதைக்காகச் சொல்லப்படுவதில்லை. அவரும் இரண்டு இடத்திலும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

ஒரகடத்தைத் தாண்டி, கார் உதிரிபாகக் கம்பெனிக்கும் கன்டெய்னர் யார்டுக்கும் நடுவில் இருக்கிறது அந்தப் பல்கலைக்கழகம். பொறியியல்தான் அங்கே பெரியது. டில்லிபாபுவின் காட்சித் தொடர்பியல் துறை கேன்டீனுக்கு மேல்மாடியில் இருக்கிறது. காலை பதினோரு மணிக்கு மேல் எந்த நாட்டுப் படத்தைப் போட்டாலும் சாம்பார் தாளிக்கிற வாசனையோடுதான் பார்க்கவேண்டும். பனி பெய்கிற படங்களுக்குக்கூட விலக்கு இல்லை.

மணிமங்கலத்துக்காரர். சாலிகிராமத்தில் சில வருஷம் உதவி இயக்குநராக இருந்தார். அவர் வேலை பார்த்த படங்களில் பாதி வெளிவரவில்லை. வெளிவந்த பாதியைப் பற்றி அவர் பேசுவதில்லை. கல்யாணப் பேச்சு வந்தபோது இசைவாணியின் அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “மாசா மாசம் வருமா?” மறுமாதமே இந்த வேலைக்கு விண்ணப்பித்தார். ரெண்டு வருஷம் பார்த்துவிட்டு விட்டுவிடலாம் என்பது திட்டம். இப்போது அவரிடம் படித்தவர்களே இரண்டு பேர் அவருக்குப் பக்கத்து மேஜையில் உதவிப் பேராசிரியர்களாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதற்கு நடுவில் சொந்தமாக இரண்டு படம் எடுத்தார். முதல் படம் கேரளாவில் ஒரு விழாவில் திரையிடப்பட்டது. அரங்கு நிறைந்திருந்தது. பாதிப்பேர் அடுத்த படத்துக்கு இடம் பிடிக்க முன்கூட்டியே வந்தவர்கள். இரண்டாவது படம் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது.

மூன்றாவது படத்தை அவர் பர்மிஷனில் எடுத்தார். பர்மிஷன் என்றால் கல்லூரி ஆசிரியர்களுக்குத் தெரியும்: லீவு போடாமல், மாதத்தில் ஓரிரு தடவை, ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பலாம் அல்லது பின்னால் வரலாம். அந்த ஒரு மணி நேரங்களையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்துச் சேர்த்துத்தான் முழுப்படத்தையும் எடுத்துக்கொண்டிருந்தார். அதனால் படத்தில் வருகிற எந்த இடமும் கல்லூரியிலிருந்து டூவீலரில் போய்விட்டு வருகைப்பதிவுக்கு விரலை வைக்கிற மெஷினுக்குத் திரும்ப முடியாத தூரத்தில் இல்லை. ஒரு விமர்சகர் பார்த்தால் ‘நிலத்தை விட்டு நகராத அழகியல்’ என்று எழுதக்கூடும். டில்லிபாபுவும் அதை மறுக்கமாட்டார்.

கதை இதுதான். புருஷன் ஒரு கம்பெனி, பொண்டாட்டி ஒரு கம்பெனி. எதிரெதிர் ஷிப்ட். அவன் வரும்போது அவள் இல்லை, அவள் வரும்போது அவன் இல்லை. ஒரே அறை, ஒரே பாய், ஒரே தட்டு. படம் முழுக்க அவர்கள் ஒரே ஃபிரேமில் வருவதில்லை. கடைசிக் காட்சியில் ஒருதடவை, வாசலில், அவன் உள்ளே வர, அவள் வெளியே போக, இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிறார்கள். அந்த ஒரு ஷாட்டுக்காகத்தான் மீதிப் படமே.

நடித்தவர்கள் நடிகர்கள் இல்லை. தமிழ்வாணன் உத்திரமேரூர் பக்கத்துப் பையன், பிரேக் தயாரிக்கிற கம்பெனியில் ஆபரேட்டர். சுகப்பிரியா சங்கரன்கோவில் பக்கம், போன் அசெம்பிளி லைனில் கான்ட்ராக்ட் வேலை, ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். இரண்டு பேருக்கும் கதையில் இருக்கிற மாதிரியே நிஜத்திலும் ஷிப்ட் ஒத்துவரவில்லை. டில்லிபாபு முதலில் இதை ஒரு வசதியாகத்தான் நினைத்தார். மண்ணூரில் தமிழ்வாணன் குடியிருந்த ஒற்றை அறைதான் படத்தின் வீடு. அவன் வேலைக்குப் போகும்போது சாவியை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போவான். பிறகு சுகப்பிரியா, டில்லிபாபு, மாணவர்கள் எல்லோரும் வந்து அவள் காட்சிகளை எடுத்துவிட்டுச் சாவியை அங்கேயே வைத்துவிட்டுப் போவார்கள். இப்படியே மாதங்கள் போனதில், புருஷனும் பொண்டாட்டியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்ததே கிடையாது.

கேமரா கல்லூரியுடையது. டில்லிபாபுவின் சொந்தக் கேமரா மழையில் நனைந்து, ஒரு வாரம் அரிசி டப்பாவில் இருந்து, அப்படியே போய்ச் சேர்ந்தது. அதனால் படத்தை ‘எதிர்ப்பணிநேரத் தம்பதியரிடையே தகவல் பரிமாற்றம்: ஒரு காட்சிவழி ஆய்வு’ என்ற தலைப்பில் ஆசிரியர் ஆராய்ச்சித் திட்டமாகப் பதிவு செய்திருந்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. மெக்கானிக்கலில் யாரோ டீனிடம் போய் ஓதியதும் டீன் கூப்பிட்டு அனுப்பினார்.

“டில்லி, நீங்க சினிமா எடுக்கறீங்களாமே.”

“ஆராய்ச்சி சார்.”

“ஆராய்ச்சியில ஹீரோயின் இருக்காங்களாம்.”

“அவங்க ரெஸ்பாண்டன்ட் சார்.”

டீன் கொஞ்சநேரம் பேப்பர் வெயிட்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். “கேமரா ராத்திரி எல்லாம் வெளிய இருக்குதுன்னு பேச்சு வருது. நீங்கதான் இப்ப துறைத்தலைவர் பொறுப்பு. பார்த்துக்கங்க.”

டில்லிபாபு பார்த்துக்கொண்டார். அன்றே உட்கார்ந்து ஒரு சுற்றறிக்கை எழுதினார். எடுத்த கேமரா அன்று மாலை நாலரைக்குள் ஸ்டோருக்குத் திரும்பவேண்டும். வெளியே தங்கவேண்டுமானால் துறைத்தலைவர் கையெழுத்து வேண்டும். அதைக் கோர்வையான தமிழில் எழுதினார். படித்துப் பார்த்தபோது நன்றாகவே வந்திருந்தது. வகுப்பு வகுப்பாகப் போய் வாசித்தார். மூன்றாமாண்டு வகுப்பில் வாசித்துக்கொண்டிருந்தபோது வராண்டாவில் டீன் நடந்துபோவது தெரிந்தது. டில்லிபாபுவின் குரல் தானாக உயர்ந்தது.

“எவனா இருந்தாலும் சரி, என்னோட புராஜெக்டா இருந்தாலும் சரி, நாலரைன்னா நாலரை. போன வாரம் ஷெர்லின் ஆறு மணிக்குக் கொண்டாந்து குடுத்திருக்கு. ஷெர்லினே இப்படிப் பண்ணா மத்தவங்க இன்னா பண்ணுவீங்க?”

ஷெர்லின்தான் அவர் படத்துக்குக் கேமரா. போன வாரம் அவள் தாமதமாகத் திரும்பியதற்குக் காரணம் இவர் படத்தின் ஷூட்டிங். அவள் முகம் சுண்டிப்போயிற்று. டீன் போய்விட்டார். டில்லிபாபு மாண்டாஜ் பாடத்தைத் தொடர்ந்தார்.

சுகப்பிரியாவின் கான்ட்ராக்ட் முடியப்போகிறது என்ற செய்தி அடுத்த வாரம் வந்தது. புதுப்பிக்கவில்லை. வருகிற புதன்கிழமை, கடைசி நாள் வேலை முடிந்ததும் செங்கல்பட்டில் ரயிலேறி ஊருக்குப் போய்விடுவாள். கடைசிக் காட்சி இன்னும் எடுக்கவில்லை.

அன்று இரவு சாப்பாட்டில் டில்லிபாபு இரண்டு பேருடைய ஷிப்டையும் சொல்லி இசைவாணியிடம் யோசனை கேட்டார். இசைவாணி ஒரு கம்பெனியின் டைம் ஆபீஸில் இருக்கிறாள். யார் எந்த ஷிப்ட், யாருக்கு ஓ.டி., யார் வராமலே கார்டு தட்டுகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி.

“புதன்கிழமை அவ ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிச்சு வந்துடுவா. அவன் நைட். ரூம்லதான் தூங்கிகினு இருப்பான். சாயங்காலம் அஞ்சுலேர்ந்து அவனுக்கு பஸ் வர்ற வரைக்கும். வேற இல்ல,” என்றாள் ரசத்தை ஊற்றிக்கொண்டே.

“அது போதும்.”

“போதாட்டியும் அவ்ளோதான் கீது. இந்தப் படத்துக்கு டைரக்டர் யாருன்னு கேட்டா என் பேரச் சொல்லு.”

புதன்கிழமை மாலை டில்லிபாபுவுக்கு உள்தேர்வு மேற்பார்வை. மெர்சியிடம் மாற்றிக்கொண்டார். மெர்சி பக்கத்து அறை, ஒலிப்பதிவுப் பாடம் எடுப்பவர். சேர்ந்த நாளிலிருந்து பழக்கம்.

“உனக்காக நான் பார்த்த எக்ஸாம் டூட்டியெல்லாம் சேர்த்தா எனக்கு இன்னொரு டிகிரியே குடுக்கலாம் டில்லி.”

“டைட்டில்ல பேர் போடுறேன் மெர்சி.”

“போன படத்துலயும் போட்ட. அதுக்குள்ள எல்லாரும் எந்திரிச்சிட்டாங்க.”

அன்று காலையில் ஷெர்லினைப் பார்த்துச் சொன்னார். “மதியமே கேமராவ எடுத்துக்க. மண்ணூர் பஸ் ஸ்டாப், தெரு, எல்லாம் கொஞ்சம் எடுத்து வச்சுக்க. அஞ்சு மணிக்கு ரூமுக்கு வந்துடு. கடைசி சீன்.”

“சரி சார்.”

இன்னொரு வாக்கியம் பாக்கி இருந்தது. ‘நாலரையை மறந்துவிடு, நாளைக் காலையில் முதல் வேலையாகக் கொடுத்துக்கொள்ளலாம்’ என்கிற வாக்கியம். ஒரு துறைத்தலைவர் பொறுப்பு தன் சுற்றறிக்கையை மீறச்சொல்லி மாணவியிடம் எப்படிச் சொல்வது? சொல்லவேண்டியதில்லை, புரிந்துகொள்வாள் என்று நினைத்தார். பாத்திரங்கள் வாயால் சொல்லாததைப் பார்க்கிறவன் புரிந்துகொள்ள வேண்டும் என்று அவர் இரண்டு செமஸ்டர் பாடம் எடுத்திருக்கிறார்.

ஐந்து மணிக்கு டில்லிபாபு மண்ணூர் போய்ச் சேர்ந்தபோது ஷெர்லின் அறை வாசலில் நின்றிருந்தாள். பக்கத்தில் டிரைபாட் மூன்று காலையும் விரித்து நின்றது. அதன் தலையில் ஒன்றும் இல்லை.

“கேமரா எங்கம்மா?”

“ஸ்டோர்ல குடுத்துட்டேன் சார். நாலேகாலுக்கே.” அவள் முகத்தில் வெளிச்சம் இருந்தது. “டிரைபாட கொண்டாந்துட்டேன் சார். சுற்றறிக்கைல கேமரான்னு மட்டும்தான் இருந்துச்சு.”

டில்லிபாபு டிரைபாடைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். ஒரு கம்பெனி பஸ் போனது.

“நல்லதும்மா,” என்றார்.

பிறகு ஓரமாகப் போய் ஸ்டோர் நாகப்பனுக்குப் போன் செய்தார். நாகப்பன் கல்லூரி பஸ்ஸில் படப்பையைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

“நாகப்பன், ஸ்டோர் சாவி எங்க?”

“செக்யூரிட்டி ரூம்ல கீது சார்.”

“ஒரு கேமரா வேணும். நீங்க ஒரு போன் பண்ணிச் சொல்லிடுங்க, நானே வந்து எடுத்துக்குறேன்.”

“நாலரைக்கு மேல ஹெச்.ஓ.டி. கையெழுத்து இல்லாம எடுக்கக் கூடாதே சார்.”

“நான்தானப்பா ஹெச்.ஓ.டி.”

“தெரியும் சார். எடுக்குறவரும் கையெழுத்து போடுறவரும் ஒரே ஆளா இருக்கக் கூடாதுன்னு கடைசி பாயின்ட்ல போட்டுக்கீறீங்களே சார்.”

டில்லிபாபுவுக்கு அந்த வரி ஞாபகம் வந்தது. எழுதும்போது ரொம்பத் திருப்தியாக இருந்த வரி.

“டீன் சார் ஒரு வார்த்தை சொன்னா தர்றேன் சார்,” என்றார் நாகப்பன். “ஆனா ரொம்ப நல்ல சுற்றறிக்கை சார். ஸ்டோர்ல ஒட்டி வச்சிருக்கேன்.”

டீனிடம் கேட்டால் ராத்திரியில் என்ன ஆராய்ச்சி என்பார். கேட்டு வாங்கினாலும் ஷிப்ட் விடுகிற நேரத்து நெரிசலில் ஒரகடம் ஜங்ஷனைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்புவதற்குள் தமிழ்வாணன் பஸ் ஏறியிருப்பான். டில்லிபாபு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பினார். சுகப்பிரியா ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு பெரிய பையோடு இறங்கிக்கொண்டிருந்தாள்.

அறைக்கதவைத் தட்டினார்கள். தமிழ்வாணன் தூக்கக் கலக்கத்தோடு, லுங்கியை மடித்துக் கட்டியபடி திறந்தான்.

“தமிழு, இதுதான் சுகப்பிரியா,” என்றார் டில்லிபாபு. “உன் பொண்டாட்டி.”

தமிழ்வாணன் லுங்கியை இறக்கிவிட்டான். “வணக்கம் மேடம்.”

“வணக்கம்ண்ணே.”

“அண்ணேன்னு கூப்பிடாதம்மா,” என்றார் டில்லிபாபு.

கேமரா இல்லை என்பதை அவர் சொல்லவில்லை. சொன்னால் அவள் கிளம்பிவிடுவாள். உள்ளே போய் உட்கார்ந்தார்கள். சுகப்பிரியா பையைத் தன் வழக்கமான மூலையில் வைத்தாள். தண்ணீர் எங்கே, டம்ளர் எங்கே என்று கேட்காமல் எடுத்துக் குடித்தாள். தமிழ்வாணன் தன் அறையில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றான்.

அவள் அடுப்பு மேடையைப் பார்த்தாள். “அந்தக் குண்டாவத் தேய்க்கவே மாட்டியளா?”

“எந்தக் குண்டா?”

“அந்தா அடிப்பிடிச்சுக் கெடக்குல்லா. ஒவ்வொரு ஷூட்டிங்குக்கும் நாந்தான் தேய்க்கேன். மறுக்கா வந்தா மறுக்கா கருப்பா கெடக்கு.”

தமிழ்வாணன் கொஞ்சம் யோசித்தான். “நீதானா அது? நான் ஓனரம்மாதான் வந்து தேச்சிட்டுப் போதுன்னு நெனச்சிகினு இருந்தேன். பொங்கலுக்கு ஸ்வீட் பாக்ஸ் வேற வாங்கிக் குடுத்தேன்.”

“அவிய வாங்கிக்கிட்டாவளா?”

“வாங்கிகினாங்க. ஒண்ணும் கேக்கல.”

ஷெர்லின் சிரிப்பை அடக்கிக்கொண்டு டில்லிபாபுவைப் பார்த்தாள். டில்லிபாபு சிரிக்கவில்லை. அவர் முதுகு நிமிர்ந்திருந்தது.

“அப்ப அந்த மாங்கா ஊறுகா?” என்றான் தமிழ்வாணன்.

“அது சார் எழுதின சீன்.”

“பாட்டில் காலியாவணும்னு சீன்ல இருந்துச்சா?”

“நெறைய டேக் போச்சு.”

அவன் பாயில் உட்கார்ந்தான். கொடியில் தொங்கிய நீலச் சட்டையைக் காட்டினான். “அதுல பட்டன் தச்சது?”

“நாந்தான். சட்டைய மடிக்கிற சீனு. பட்டன் இல்லாம மடிச்சா நல்லாவா இருக்கும்?”

“அத்தப் போட்டுகினுதான் பெர்மனென்ட் இன்டர்வியூக்குப் போனேன்.”

“கெடச்சிச்சா?”

“இல்ல.”

“பட்டன் நல்லாத்தான தச்சேன்,” என்றாள் சுகப்பிரியா.

வெளியே ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டது. டில்லிபாபு இந்தப் படத்துக்காகப் பதினான்கு தடவை திருத்தி எழுதிய கடைசிக் காட்சியில் இவ்வளவு இல்லை. அதில் அவன் அவள் பெயரைச் சொல்வான், அவள் திரும்பிப் பார்ப்பாள், அவ்வளவுதான். வாசலில் நின்ற வெறும் டிரைபாடைப் பார்த்தார்.

“சார், போன்ல எடுத்துடலாமா?” என்று ஷெர்லின் மெதுவாகக் கேட்டாள். “போனும் கேமராதான்னு நீங்கதான் கிளாஸ்ல சொன்னீங்க.”

வகுப்பில் அவர் சொன்னது கேமரா வாங்க வசதியில்லாத மாணவர்களுக்கு. தன் மூன்றாவது படத்தின் கடைசி ஷாட்டுக்கு இல்லை. ஆனாலும் போனை எடுத்தார். ஷெர்லின் தன் தலையிலிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றிப் போனை டிரைபாட் தலையில் கட்டினாள். இரண்டு பேரும் ஒரே ஃபிரேமில் தெரிந்தார்கள். பின்னால் கொடி, சட்டை, குண்டா.

“இப்பப் பேசினீங்களே, அதையே பேசுங்க. குண்டாலேர்ந்து.”

சுகப்பிரியா தொண்டையைச் செருமினாள். “நீங்கள் ஏன் இந்தப் பாத்திரத்தைத் தேய்க்கவில்லை?”

“நான் ஓனரம்மா தேய்த்தார்கள் என்று நினைத்தேன்,” என்றான் தமிழ்வாணன், போனைப் பார்த்து.

இன்னொரு தடவை எடுத்தார். அதற்கடுத்த தடவை இருவரும் ஊறுகாயை மறந்துவிட்டார்கள். பட்டன் வந்தபோது சுகப்பிரியா சோகமாக முகத்தை வைத்துக்கொண்டாள், டிவியில் வருகிற மாதிரி. ஒரு பேராசிரியராக அவர் அதற்குப் பாஸ் மார்க் போட்டிருக்கமாட்டார். எழுதி வைத்திருந்த வாசல் காட்சியையும் எடுத்துப் பார்த்தார். அவன் அவள் பெயரைச் சொன்னான். அவள் திரும்பிப் பார்த்தாள். ரேஷன் கடையில் பெயர் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

“போதும்,” என்றார் டில்லிபாபு. “நல்லா வந்துச்சு. தேங்க்ஸ்மா. தமிழு, உனக்கு பஸ்ஸுக்கு நேரமாவுது பாரு.”

அவர்களுக்கும் அப்பாடா என்று இருந்தது. தமிழ்வாணன் முகம் கழுவி, யூனிபார்ம் மாட்டிக்கொண்டு, ஐ.டி. கார்டைத் தேடி எடுத்துக்கொண்டு வெளியே போனான். ஷூ வாசலுக்கு வெளியே கிடந்தது. டில்லிபாபு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு வருஷத்துப் பர்மிஷன்கள். மெர்சி பார்த்த தேர்வுகள். ஷெர்லினைத் திட்டியது. எல்லாம் சேர்த்து, இரண்டு பேர் போனைப் பார்த்து வசனம் ஒப்பிக்கிற ஒரு ஷாட்.

சுகப்பிரியா மணி பார்த்தாள். ஆட்டோவுக்கு நேரம் இருந்தது. எழுந்து போய், யாரும் சொல்லாமலே, சுடிதார் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு குண்டாவை எடுத்தாள். தண்ணீரைத் திறந்தாள். போன் இன்னும் டிரைபாடிலேயே இருந்தது. டில்லிபாபு உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி அதைக் கொஞ்சமாகத் திருப்பி, சிவப்புப் புள்ளியைத் தொட்டார். ஷெர்லின் மூச்சை அடக்கினாள்.

அவள் தேய்த்துக்கொண்டிருந்தாள். முதுகுதான் தெரிந்தது. அப்போது வெளியிலிருந்து, ஷூ லேஸ் கட்டக் குனிந்திருக்கிற குரலில், தமிழ்வாணன் சொன்னான்:

“சோப்பு ஜன்னல்ல கீது.”

“பாத்துட்டேன்.”

“ரொம்பத் தேய்க்காத. நாளைக்கு மறுபடி கருப்பாயிடும்.”

அவள் கை நின்றது. ஒரு கணம் கதவைப் பார்த்தாள். அங்கே அவன் இல்லை, அவன் நிழலில் பாதி வாசற்படியில் விழுந்திருந்தது. “நாளைக்கு நீங்க தேய்ச்சுக்கோங்க,” என்றாள். மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. நிழல் எழுந்து போனது.

டில்லிபாபு நிறுத்தவில்லை. குண்டா கழுவிக் கவிழ்க்கப்படுகிற வரைக்கும் ஓடவிட்டார்.

செங்கல்பட்டு ரயிலுக்காகச் சிங்கப்பெருமாள் கோவில் போகிற ஷேர் ஆட்டோவில் சுகப்பிரியாவை ஏற்றிவிட்ட பிறகு, ஷெர்லின் டிரைபாடை மடித்துக்கொண்டே கேட்டாள்: “சார், நான் கேமராவக் குடுத்தது தப்பா சார்?”

“ரூல்படி சரிம்மா,” என்றார். கொஞ்சம் நடந்தபிறகு, “போன வாரம் நான் உன்ன கிளாஸ்ல சொன்னதுதான் சரியில்ல. நாளைக்கு கிளாஸ்லயே சொல்லிடுறேன்,” என்றார்.

“வேணாம் சார்,” என்றாள். பிறகு, “சொன்னாலும் சரிதான் சார்,” என்றாள்.

மறுநாள் காலை இசைவாணி டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய கம்பெனி பஸ் முதலில் வரும், டில்லிபாபு அதற்குப் பிறகு கிளம்பவேண்டும். அவர் போனை நீட்டினார். எதுவும் விளக்கவில்லை. அவள் ஒரு கையில் டப்பா மூடியைப் பிடித்துக்கொண்டே பார்த்தாள். சுகப்பிரியாவின் முதுகு, தண்ணீர், குரல், கதவு.

“அவன் எங்க?” என்றாள்.

“வெளிய. ஷூ போட்டுகினு இருக்கான்.”

“அது தெரியுது,” என்றாள் இசைவாணி. “ரெண்டு பேரும் ஒரே ஃபிரேம்ல வரணும்னு சொன்னியே, அது எப்ப வரும்னு கேட்டேன்.”

டில்லிபாபு பதில் சொல்ல வாயைத் திறந்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். ஷாட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. குண்டா கவிழ்கிற வரைக்கும் அவள் பார்த்தாள். வெளியே அவளுடைய பஸ் வந்து ஹாரன் அடித்தது. அவள் போகவில்லை.

“இன்னொரு வாட்டி போடு,” என்றாள்.